நான் ஃபுல்லர் ஆகாத கதை

லண்டனின் தெற்கே மிச்சம் என்கிற இடத்தில், டிராம் நிறுத்தத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் எங்கள் டிரை கிளீனிங் கடை இருக்கிறது. யாராவது கோட்டையோ சூட்டையோ கொண்டுவந்து கவுண்டரில் வைத்தால் நான் கேட்கிற முதல் கேள்வி ‘சர்நேம்?’ என்பதுதான். உடுப்பில் குத்துகிற மஞ்சள் டிக்கெட்டில் அதைத்தான் எழுதுவோம். முதற்பெயரை எழுதினால் சனிக்கிழமை பின்னேரம் ஒரே பெயரில் நாலு காற்சட்டை தொங்கும், யாருடையது எது என்று தெரியாமல் நான் விழிக்க வேண்டிவரும். இப்படி நாள் முழுக்க ஊரார் குடும்பப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்த என்னிடம், 2009இல், உன் பெயரை மாற்று என்று என் சொந்த அண்ணனே ஒரு தாளோடு வந்து நின்றார்.

என் சர்நேம் என் அப்பாவின் பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனின் பெயரோடு விமானம் ஏறுவோம், இறங்குகிற நாட்டில் அதைக் குடும்பப் பெயர் என்று பதிந்துவிடுவார்கள். அண்ணன் முதலில் ஜெர்மனியில் இறங்கினார். அங்கேயும் அப்படியே பதிந்து, அவருக்குப் பிறந்த மகளுக்கும் அதையே குடும்பப் பெயராக வைத்தார்கள். மகளுக்கு மூன்று வயதில் அவர்கள் குடும்பத்தோடு லண்டன் வந்து, கடையில் என்னோடு பங்கு சேர்ந்தார்கள். ஆக, அண்ணன், அவர் மகள், நான், மூன்று பேரும் ஒரே பெயர்க்காரர்.

அந்தப் பெயர் மிகச் சின்னது. அதற்குள் இருக்கிற சங்கதி யாழ்ப்பாணத்து ஆட்களின் காதுக்கு மட்டும்தான் கேட்கும். நாங்கள் வண்ணார். எங்கள் ஆட்கள் பிள்ளைக்கு நீட்டி முழக்கிப் பெயர் வைத்தால் ஊரில் பெரிய மனிதர்களுக்குப் பொறுக்காது. என் அப்பாவுக்கு முருகக் கடவுளின் பெயர் ஒன்றை முழுசாக வைக்க அவருடைய தகப்பன் போனாராம். ‘உனக்கு எதுக்கடா இவ்வளவு நீளம்’ என்று பதிகிறவர் பாதியில் வெட்டி எழுதிவிட்டாராம். அந்த வெட்டுப்பட்ட பெயரைச் சொல்லித்தான், அவருடைய பேரப்பிள்ளை வயதுப் பிள்ளைகள்கூட ‘அடே’ போட்டுக் கூப்பிட்டார்கள். கல்யாணப் பந்தலுக்கு வெள்ளை கட்ட அவர் வேண்டும், செத்தவீட்டில் வெள்ளை விரிக்கவும் அவர் வேண்டும். வேலை முடிந்ததும் அவர் பந்தலுக்கு வெளியே நிற்க வேண்டும்.

அந்தப் பெயருக்கு முன்னால் முதன்முதலில் ஒரு மரியாதைச் சொல்லை வைத்தவர் ஹீத்ரோவில் என் கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி. ‘மிஸ்’ போட்டு அப்பாவின் பெயரைச் சொன்னார். உச்சரிப்பு படுமோசம். ஆனாலும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதற்குப் பிறகு வங்கி, ஆஸ்பத்திரி, கவுன்சில் என்று எங்கே போனாலும் அந்த மனிதருக்கு மரியாதை கிடைத்துக்கொண்டே இருந்தது. நான் கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்குப் பல காரணங்கள் சொல்லியிருக்கிறேன். இந்தப் பெயரை விட மனம் வரவில்லை என்பதும் ஒன்று, அதை மட்டும் ஒருவருக்கும் சொன்னதில்லை.

அந்த வருடம் ஏப்ரலில் நாங்கள் எல்லோரும் நாடாளுமன்றத்துக்கு முன்னால் தெருவில் இருந்தோம். கடையை மூடிவிட்டு நானும் போய் இருந்தேன். வன்னியில் செத்துக்கொண்டிருந்தவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினோம். பக்கத்தில் இருந்தவர்கள் எனக்குச் சோற்றுப் பார்சல் தந்தார்கள், ஒரே போத்தலில் தண்ணீர் குடித்தோம். நீ எந்த ஊர், கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. இனிக் கேட்கமாட்டார்கள் என்று நான் நம்பினேன், அப்படி ஒரு முட்டாள் நான்.

ஓகஸ்டில் கேட்டார்கள். அண்ணன் மகளும் அவளோடு பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு பையனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பையன் வீடு லூயிஷாம் பக்கம். பையனின் தாய்க்குப் பெண்ணின் முதற்பெயர் மட்டும்தான் தெரியும். அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்து, முதலில் ஊர் எது என்று கேட்டார், பிறகு எந்த வட்டாரம், பிறகு பெண்ணின் அப்பப்பாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, என்ன பெயர் என்று ஒவ்வொன்றாக இறங்கி வந்தார். அண்ணன் வியர்த்து விறுவிறுத்து ஒரு கதை சொன்னார். அப்பப்பா மலைநாட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் கிளாக்கராக இருந்தவராம், அந்த விசுவாசத்தில் துரையின் பெயரையே குடும்பத்துக்கு எடுத்துக்கொண்டாராம். குடும்பப் பெயர் ஃபுல்லராம்.

சொன்ன பொய்க்குத் தாள் வேண்டுமல்லவா? அழைப்பிதழ் அடிக்க முன்னம் அண்ணன் மூன்று ‘டீட் போல்’ எழுதிக்கொண்டு கடைக்கு வந்தார். பழைய பெயரை விட்டுவிட்டேன், இனி இதுதான் என் பெயர் என்று சாட்சியின் முன்னால் கையெழுத்து வைக்கிற தாள் அது. தனக்கொன்று, மகளுக்கொன்று, எனக்கொன்று.

“எனக்கு எதுக்கு?” என்றேன்.

“உன்ர பேர் அப்பிடியே இருந்தா அவையள் பிடிச்சிடுவினம். கடை உரிமையில உன்ர பேர், அழைப்பிதழில மாமி எண்டு உன்ர பேர். நீ ஒருத்தி மாட்டன் எண்டா எல்லாம் கெட்டுப்போம்.”

“ஃபுல்லர் எங்கயிருந்து வந்தது?”

“எங்கட டிக்கெட் புத்தகத்தில இருந்துதான். அந்தக் கம்பளிக் கோட்டுக்காரர் இருக்கிறார் எல்லே, அவரின்ர. பெரிய இடத்துப் பேர் மாதிரி இருந்தது.”

ஒரு கிழமை தவணை கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், கையெழுத்து வைத்துவிடலாம் என்றுதான் பாதி மனம் இருந்தது. அந்தப் பிள்ளையை நான் தூக்கி வளர்த்தவள். என் பிடிவாதத்தால் அவள் கல்யாணம் நின்றால் நான் எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பது? செத்துப்போன அப்பாவின் பெயர் பெரிதா, உயிரோடு இருக்கிற பிள்ளை பெரிதா என்று என்னையே கேட்டுக் கேட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியை ஒரு சேர்ட்டின் மேல் வைத்துவிட்டு நின்றேன். சேர்ட் போய்விட்டது.

அந்தக் கிழமை கோட்டை எடுத்துப்போக ஃபுல்லர் வந்தார். நிலக்கீழ் ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், மனைவியை இழந்தவர், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். எடுக்கப்போகிற பெயர் எப்படிப்பட்டது என்று ஒரு வார்த்தை விசாரித்து வைப்போம் என்று, உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாளை வருகிறேன், கோட்டையும் அப்போது எடுக்கிறேன் என்று போனவர், மறுநாள் மழையில் நனைந்துகொண்டு, நாலாக மடித்த ஒரு படத்தோடு வந்தார்.

கவுண்டரில் விரித்தார். இங்கிலாந்துப் படம். எந்தெந்த மாவட்டத்தில் அந்தப் பெயர்க்காரர் நிறைய இருக்கிறார்களோ அங்கே சிவப்பு. கென்ட், சசெக்ஸ், சஃபோக் பக்கமெல்லாம் நல்ல சிவப்பு. வடக்கே போகப் போக வெளிறிப்போகிறது.

“வடக்கே இதே தொழில் செய்தவனுக்கு வாக்கர் என்று பெயர். தென்மேற்கே டக்கர். வேலை ஒன்றுதான், இடத்துக்கு இடம் பெயர் வேறு” என்றார்.

“என்ன வேலை?”

“நெய்த கம்பளியைத் தொட்டியில் போட்டுக் காலால் மிதிக்கிற வேலை. அழுக்கும் எண்ணெய்ப் பசையும் போய்த் துணி இறுகும்வரை மிதிக்க வேண்டும். தொட்டிக்குள் என்ன ஊற்றுவார்கள் தெரியுமா? ஊராரிடம் சேர்த்து வைத்த பழைய மூத்திரம்.” சொல்லிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அப்படியென்றால், துணி வெளுக்கிறவரா?”

“கிட்டத்தட்ட அதேதான். உங்கள் தொழில்தான், மிஸ்.”

எனக்கு வாயை மூட முடியவில்லை. வண்ணான் என்கிற அடையாளத்திலிருந்து தப்பி ஓட, லண்டனில் இருக்கிற இத்தனை பெயரிலும் தேடிப் பிடித்து, என் அண்ணன் ஒரு வண்ணானின் பெயரையே எடுத்து வந்திருக்கிறார்.

“உங்களை இதற்காக யாராவது ஏளனம் செய்ததுண்டா?” என்று கேட்டேன்.

“யார் செய்வது? யாருக்குமே இது தெரியாது. எனக்கே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியும்.” பிறகு அவர் சாதாரணமாகக் கேட்டார், “உங்கள் பெயருக்கு இப்படி ஒரு படம் போட்டால் எங்கே சிவப்பாக இருக்கும்?”

என்னை ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. எங்கள் ஆட்கள் கேட்கிற கேள்வியும் இதுதான், ஆனால் அவர்கள் கேட்கும்போது நான் பேச்சை மாற்றிவிடுவேன். இவர் கேட்டபோது மாற்றவில்லை. சொன்னேன். ஊரில் கோயிலுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை, அதில் ஏழெட்டு வீடு, இப்போது ஒருவரும் இல்லை. டொராண்டோவில் இரண்டு குடும்பம், பாரிஸில் ஒன்று, பிறகு இந்தக் கடை. நாங்களும் துணி வெளுக்கிறவர்கள்தான், அதற்காக எங்களைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள் என்றும் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். துணியைச் சுத்தம் செய்கிறவரையா என்று இரண்டு தரம் கேட்டார். ஓம், அவர்களைத்தான் என்றேன். படத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கோட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் அண்ணனிடம் சொன்னேன். சொல்ல முடியாமல் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டிக்கெட் புத்தகத்தை இழுத்து வேறு பெயர் தேடத் தொடங்கினார். எனக்கு இப்போது பைத்தியம் பிடித்திருந்தது, அவர் விரல் வைக்கிற பெயருக்கெல்லாம் பொருள் சொன்னேன். ஸ்மித் கொல்லன். பாட்டர் குயவன். பார்பர் என்னவென்று அவருக்கே தெரியும். டானர் தோல் பதனிடுகிறவன். ஃபிஷர் கடலுக்குப் போகிறவன். இந்த மிச்சம் ஊர் முழுக்க எங்கள் ஊர் வட்டாரங்கள்தான் நடந்து திரிகின்றன, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு.

“அவங்கள் மறைக்கேல்லை, அண்ணை. நெத்தியில எழுதி ஒட்டின மாதிரித் திரியிறாங்கள்.”

“அவங்களுக்கு மறந்துபோச்சு” என்றார் அண்ணன். “மறக்க எத்தினை நூறு வருசம் எடுத்துதோ தெரியாது. என்ர பிள்ளைக்கு நவம்பரில பதிவு, தையில மண்டபத்தில கலியாணம். எனக்கு அவ்வளவு நேரம் இல்லை.”

அவர் சொன்னது சரி. கோட்டுக்காரர் சிரிக்கலாம், அந்தப் பெயருக்காக அவருடைய தகப்பனை ஒருவரும் பந்தலுக்கு வெளியே நிறுத்தவில்லை. ஆனால் எனக்கு மறதி வேண்டாம். வெட்கப்பட வேண்டியது யார்? துணியை வெளுத்துக் கொடுத்த என் அப்பாவா, அந்த வெள்ளையை உடுத்திக்கொண்டு அவரை வெளியே நிற்கச் சொன்னவர்களா? நாங்கள் பெயரை மாற்றினால் வெட்கம் எங்களுடையது என்று நாங்களே எழுதிக் கையெழுத்து வைத்தது போலாகும். தாளைத் திருப்பி அண்ணனிடமே நீட்டினேன். “என்னாலை ஏலாது” என்றேன். அவர் அதை எடுக்காமல் போனார்.

அடுத்த புதன்கிழமை ஒரு பெண் கடைக்கு வந்தார். கையில் கண்ணாடித் தாளில் சுற்றிய பட்டுச்சேலை. சுவரையும் மெஷினையும் என்னையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தான் மாப்பிள்ளையின் தாய் என்றார்.

“லூயிஷாமில இருந்து வாறன். சேலையில ஒரு கறை. சும்மா உங்களையும் ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்.”

சேலையை விரித்துக் கறையைப் பார்த்தேன். பழக்கதோஷத்தில் சர்நேம் கேட்டேன். கணவரின் பெயரைச் சொன்னார். மூச்சு முட்டுகிற நீளம், ஒரு எழுத்தும் வெட்டுப்படாத பெயர். டிக்கெட்டில் எழுதினேன்.

“உங்கட குடும்பப் பேர் ஃபுல்லர் எண்டு உங்கட அண்ணை சொன்னவர்” என்றார். “நீங்கள் வேதக்காரரோ, சேர்ச்சுக்குப் போறனீங்களோ?”

இதுதான் நேரம் என்று நான் திட்டம் போடவில்லை. அண்ணன் மகளின் முகம் ஒரு கணம் வந்து போனது, அப்படியிருந்தும் வாய் நிற்கவில்லை.

“இல்லை. ஃபுல்லர் எண்டா இங்கத்தை வண்ணான். அந்தளவில அண்ணை பொய் சொல்லேல்லை. ஆனா அது எங்கட பேர் இல்லை.” அப்பாவின் பெயரைச் சொன்னேன். ஊரையும் ஒழுங்கையையும் சொன்னேன்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பும் மரியாதையும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. சேலையைக் கவுண்டரிலிருந்து இழுத்து மடிக்கத் தொடங்கினார். எனக்குப் பயமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. எங்கள் கை படாத துணி அவர் வீட்டில் எந்தக் காலத்தில் இருந்தது?

“கறை அப்பிடியே நிக்குது” என்றேன். “வேற எங்க குடுத்தாலும் எங்களை மாதிரி ஒராள்தான் எடுக்கவேணும்.”

அவர் வெளியேறக் கதவுமணி அடித்தது. டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு நான் ஸ்டூலில் இருந்தேன்.

அண்ணன் அன்றோடு என்னோடு பேச்சை நிறுத்தினார். ஒரே கடைக்குள் அவர் மெஷினுக்குப் பின்னால், நான் கவுண்டருக்குப் பின்னால். மறுநாள் அவர் மகள் வந்தாள். கட்டிப்பிடித்து நன்றி சொல்வாள் என்று நான் எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“மாமி, நாங்கள் ஆர் எண்டு அவனுக்கு ஃபர்ஸ்ட் இயரிலேயே தெரியும். நான்தான் சொன்னனான். அவன் தன்ர அம்மாவுக்குத் தான் சொல்லுறன் எண்டு டைம் கேட்டவன். அப்பா பொய் சொன்னார், நீங்கள் உண்மையைச் சொன்னீங்கள். ஆனா ரெண்டு பேரும் என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை.”

“நீ சொல்லுறது சரி, அம்மா” என்றேன். அது சரிதான். என் கோபம் நியாயமானது, ஆனால் வாழ்க்கை அவளுடையது.

“அந்தத் தாளில நானும் சைன் பண்ணமாட்டன்” என்றாள் கொஞ்சம் இறங்கி. “கட்டின பிறகும் பேரை மாத்தமாட்டன். அவனுக்கும் சொல்லிப்போட்டன்.”

மண்டபக் கல்யாணத்தை மாப்பிள்ளையின் தாய் நிறுத்திவிட்டார். பதிவை நிறுத்த அவரால் முடியவில்லை, பையன் விட்டுக்கொடுக்கவில்லை. நவம்பர் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, நாங்கள் பத்துப்பதினைந்து பேர் பதிவு அலுவலகத்தில் கூடினோம். தாய் வந்திருந்தார். கடைசி வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் இருந்தார். அண்ணனும் வந்திருந்தார், நல்ல சூட்டில், முகத்தை உர் என்று வைத்துக்கொண்டு.

தொடங்க முன்னம் பெண்ணையும் தகப்பனையும் சாட்சி போடப்போகிற என்னையும் ஒரு சின்ன அறைக்குள் பதிவாளர் கூப்பிட்டார். நடுத்தர வயதுப் பெண். விவரங்களைச் சரிபார்த்தார். பதிவுப் புத்தகத்தில் பெண்ணின் பெயருக்கு ஒரு இடம், தகப்பனின் பெயருக்கு ஒரு இடம், அதற்குப் பக்கத்தில் தகப்பனின் தொழிலுக்கு ஒரு இடம்.

“உங்கள் அப்பாவின் தொழில்?” என்று பெண்ணைக் கேட்டார்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். லூயிஷாம்காரரிடம் அவர் தன்னை ‘கம்பனி டைரக்டர்’ என்று சொல்லி வைத்திருந்தார். சட்டப்படி அதிலும் பொய் இல்லை. கதவு திறந்தே இருந்தது, பேச்சு வெளியே கேட்கும். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த முறை வாயைத் திறப்பதில்லை என்று எனக்கு நானே கட்டளை போட்டிருந்தேன்.

“டிரை கிளீனர்” என்றார் அண்ணன், வெளியே கேட்கும்படியாக. பதிவாளர் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அப்பாவின் பெயரைச் சொல்லி, தன் தகப்பனான அவருக்கு இதில் இடம் இல்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஒரு தலைமுறைக்குத்தான் இடம் இருக்கிறது” என்றார் பதிவாளர். “ஆனால் அந்தப் பெயர்தானே உங்கள் இரண்டு பேருக்கும் சர்நேம்? ஏற்கெனவே இரண்டு தரம் எழுதியாகிவிட்டது.”

மணம் முடிந்தது. மாலை இல்லை, மேளம் இல்லை, இரண்டு மோதிரம், பத்து நிமிடம். மணமக்கள் கையெழுத்து வைத்தார்கள். பிறகு சாட்சி என்று என்னைக் கூப்பிட்டார்கள். எல்லோர் முன்னாலும் மேசைக்குப் போய்ப் பேனாவை எடுத்தேன். வழக்கமாக நான் போடுகிற கையெழுத்து ஒரு கிறுக்கல், அதில் எந்தப் பெயரும் இருக்காது. அதைத்தான் போடப்போனேன். இரண்டு மாதமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாத அண்ணன் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“கிறுக்காதை” என்றார். “அப்பாவின்ர பேர் வாசிக்கத் தெரியவேணும். வடிவா எழுது.”